ஒரு காலுக்கு மஞ்சள்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. நான் ஆட்டோ ஓட்டும் கொட்டகலை ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தம்பி ரஷ்யாவில் இருந்த காலம் முழுக்க என் வாய்க்கு ஓய்வே இல்லை. அவனை ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரனைத் திட்டினேன், தம்பியைத் திட்டினேன், கண்ணால் காணாத அந்த ஊரில் பெய்கிற மழையைக்கூடத் திட்டினேன். சும்மா இருந்தால் பயம் வந்துவிடும். திட்டிக்கொண்டிருந்தால் அது கொஞ்சம் தள்ளி நிற்கும்.

தம்பி டயகம பக்கத்துத் தோட்டமொன்றில் கான் வெட்டுகிறவன். மழைத் தண்ணீர் மலைச் சரிவு மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க, தேயிலைக்கு நடுவே குறுக்காக வெட்டும் வடிகாலைத்தான் நாங்கள் கான் என்போம். தோட்டத்தில் வேலை சுருங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் யாரோ ஒருவன் ரஷ்ய ராணுவ முகாமில் சமையல்காரனுக்கு எடுபிடி வேலை இருக்கிறது, சண்டை நடக்கும் இடத்துக்கும் முகாமுக்கும் வெகுதூரம் என்று சொல்லியிருக்கிறான்.

"உருளைக்கிழங்கு உரிக்கிற வேலைதாண்ணே" என்றான் தம்பி.

நான் நம்பினேனா? இல்லை. தடுத்தேனா? கத்தினேன். நான் எல்லாவற்றுக்கும் கத்துகிறவன் என்பதால் அதை அவன் ஒரு தடையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மனைவி மிளகாய்த்தூள், கருவாடு, மஞ்சள்தூள் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். அவன் போய்விட்டான்.

முதல் குரல் செய்தி வந்தபோது ஸ்டாண்டில் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, சமையலாவது மண்ணாங்கட்டியாவது. கையில மம்பட்டியக் குடுத்துட்டாங்க. கான் வெட்டச் சொல்றாங்க. ஆள் உசரத்துக்குக் கான். அதுக்குள்ளயே இருக்கணும், அதுக்குள்ளயே தூங்கணும், தின்னுறது, மத்தது எல்லாம் அதுக்குள்ளதான். ரெண்டு கானுக்கு அங்கிட்டு எதிரி இருக்கானாம்."

கழற்றிய பழைய டயரையே மறுபடி மாட்டினேன். அதைப் பதுங்குகுழி என்று சொல்லத் தெரியாமல் கான் என்கிறானே என்று அதற்கும் கோபம் வந்தது. கடைசி வரைக்கும் அவன் அதைக் கான் என்றுதான் சொன்னான்.

அவனோடு குருநாகல் பக்கத்துச் சிங்களவர் ஒருவர் இருந்தார். இலங்கை ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, அங்கே காவல் வேலை என்று நம்பிப் போனவர். தம்பி அவரை அய்யா என்று கூப்பிட்டான். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். எனக்குப் போட்டியாக அங்கே ஓர் அண்ணன் கிடைத்துவிட்டாராக்கும் என்று கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். குண்டுச் சத்தம் எவ்வளவு தூரத்தில் என்று காதால் கணிக்கவும், கேட்டதும் எங்கே விழுவது என்றும் தம்பிக்குக் கற்றுக் கொடுத்தது அவர்தான்.

தம்பி பதிலுக்கு அவருக்குத் தண்ணீரை வடியவைக்கக் கற்றுக் கொடுத்தான். மற்றவர்கள் வெட்டிய குழிகளில் முழங்கால் வரை தண்ணீர் நின்றதாம். இவன் மட்டும் அடியில் லேசாக வாட்டம் கொடுத்து, மண்டி தங்க ஒரு பள்ளம் எடுத்து, தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டிருக்கிறான். அதிகாரி வந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டினானாம். அந்தத் தட்டுதான் வினையாகப் போனது. நன்றாக வெட்டுகிறவன் என்று தெரிந்ததும் எங்கே புதிதாகக் குழி வேண்டுமோ அங்கெல்லாம் இவனை அனுப்பினார்கள். புதுக் குழி எப்போதும் எதிரிக்குக் கிட்டத்தில்தான் தேவைப்படும்.

அங்கே இருந்தவரை அவன் சொன்னதெல்லாம் துண்டு துண்டாகத்தான் வந்தது. குழியில் இருக்கும்போது போன் கையில் இருக்காது. சில நாட்களுக்கு ஒருமுறை பின்னால் ஓர் இடிந்த வீட்டின் நிலவறைக்கு அனுப்புவார்கள். அங்கே போன் கிடைக்கும். தீ மூட்டக் கூடாது, புகை காட்டிக் கொடுத்துவிடும். மழைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள். சாப்பாட்டுப் பையை எலி கடித்துவிட்டுப் போகும், மிச்சத்தை மனுஷன் தின்பான். மேலே ட்ரோன் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"மலையில குளவி கலைஞ்சா எப்புடிப் படுத்துக்குவோம், அப்புடித்தாண்ணே படுத்துக் கெடக்கோம். குளவின்னா கொஞ்ச நேரத்துல போயிரும். இது போகாது" என்றான்.

எல்லாவற்றையும்விட அவனை வதைத்தது ஈரம்தான். பூட்ஸைக் கழற்ற விடமாட்டார்கள். கழற்றினால் வீங்கின கால் மறுபடி உள்ளே போகாது. நாள்கணக்கில் நனைந்த காலுறைக்குள் கால் வெளுத்து, ஊறி, தோல் பிய்ந்து, பிறகு மரத்துப் போகும். மரத்துப் போனதும் நல்லதென்று நினைப்பார்களாம், வலி நின்றுவிட்டதே என்று. அப்புறம்தான் கறுக்கும்.

தம்பியின் மனைவிக்கு இதெல்லாம் விளக்க வேண்டியிருக்கவில்லை. மழைக்காலம் முழுக்கக் கொழுந்து பறிக்கிறவள், சேற்றுப்புண் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் நின்றால்தான் போன் வேலை செய்யும். நிறுவை முடிந்ததும் அங்கே நின்று, மற்றப் பெண்கள் எல்லாம் சுற்றி நிற்க, சத்தமாகப் பேசி அனுப்புவாள்.

"ஏங்க, காலப் போட்டோ புடிச்சு அனுப்புங்க. மூஞ்சி வேணாம், காலக் காட்டுங்க. மஞ்சள எண்ணெயில கொழைச்சு வெரல் இடுக்கெல்லாம் பூசுங்க. காலுறைய நெஞ்சுக்குள்ள வச்சுக் காய வைங்க. கேக்குதா?"

எண்ணெய்க்கு எங்கே போவான்? டின்னில் அடைத்த மாட்டிறைச்சிதான் அவர்களுக்குச் சாப்பாடு. இவன் மாட்டைத் தொடாதவன். மேலே உறைந்திருக்கும் வெள்ளைக் கொழுப்பை வழித்து மஞ்சளோடு குழைத்துக் காலில் பூசியிருக்கிறான். "வீட்டுல சொல்லிராதீங்கண்ணே" என்று எனக்குத் தனியாகச் செய்தி போட்டான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

அந்த மஞ்சள் வேலை செய்தது. பக்கத்தில் இருந்தவர்களின் கால்கள் நாறிக் கொண்டிருக்க, இவன் கால் தேறியது. அய்யாவுக்கும் பூசிவிட்டான். அவர் காலும் தேறியது.

அங்கேதான் எல்லாம் சிக்கலானது. நிலவறைக்கு வரும்போதெல்லாம் ஒரு டாக்டர் வந்து காலைப் பார்ப்பார். கால் செத்துப் போயிருந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டால் வீடு. கால் நன்றாக இருந்தால் திரும்பவும் குழி. வேண்டுமென்றே காலைக் கெடுத்துக்கொண்டான் என்று கண்டுபிடித்தால் குழிக்கும் முன்னால், வெறும் வெளிக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் யாரும் வந்ததில்லை.

ஒருநாள் வந்த செய்தி சின்னது.

"அய்யா போயிட்டாருண்ணே. நேத்துதான் டாக்டர் பாத்து நல்லா இருக்குன்னு அனுப்புனாங்க. காலு நல்லா இருந்துச்சு அவருக்கு."

அதைக் கேட்டுவிட்டு நேராக டயகமவுக்கு விட்டேன். தம்பி மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை நான்.

"ஏம்மா, இனிமே அந்த மஞ்சள், எண்ணெய் எல்லாத்தையும் விடச் சொல்லு. காலு அழுகுனா அழுகட்டும். காலு போனாப் போகுது, உசுரு வேணாமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாயாடிக்கு வாயாடி.

"நீங்க கொட்டகலை ரோட்டுல ஆட்டோ ஓட்டுறீங்க மாமா. இங்க நின்னு பாருங்க. தண்ணி புடிக்கப் படி. கக்கூஸுக்குப் படி. வேலைக்குப் போனா ஏத்தம். ரெண்டு காலும் இருக்கிற எனக்கே மூச்சு வாங்குது. காலு இல்லாம இந்த மலையில அவர எங்க வச்சுக்க? எனக்கு உசுரும் வேணும், காலும் வேணும். எதுக்கு ஒண்ணு மட்டும் கேக்கணும்?"

"கேட்டதெல்லாம் குடுக்கிற எடமா அது?"

"குடுக்கலன்னா புடுங்கிக்கிட்டு வரட்டும்."

நான் கத்தினேன். அவளும் கத்தினாள். அடுத்த வீட்டுக் காம்பிராவில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்கள். கடைசியில் அவள் அழுதாள், நான் வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டேன். அன்றிலிருந்து நான் ஒன்று சொல்லி அனுப்புவேன், அவள் ஒன்று சொல்லி அனுப்புவாள். தம்பி எனக்கும் "சரிண்ணே" என்பான். அவளுக்கும் "சரி புள்ள" என்பான்.

பிறகு நெடுநாள் ஒன்றுமே வரவில்லை. பயணிகளோடு சண்டை போட்டேன். சில்லறைத்தனமான சண்டைகள். கினிகத்தேனைக்கு ஒரு சவாரி போனபோது, பின்னால் இருந்தவர் போனில் ஏதோ யுத்த வீடியோ பார்த்துச் சிரிக்க, வண்டியை நிறுத்தி அவரை இறக்கிவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அங்கே பனி உருகத் தொடங்கிய பிறகு ஒருநாள், இங்கே காலைச் சவாரி முடிந்து ஸ்டாண்டில் நிற்கும்போது, அவனே நேரடியாக அழைத்தான். குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் போலிருக்கிறது. தமிழ் யாருக்கும் தெரியாது என்றாலும் பயந்தான்.

"அண்ணே, நாளைக்கு டாக்டர் வர்றாங்க. எடது காலு செத்துப்போச்சு. ஊசி குத்துனாலும் தெரியல."

"வலது?"

"வலது நல்லா இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"நீங்களும் சொன்னீங்க, அவளும் சொன்னா. ஒரு காலுக்கு மட்டும் மஞ்சள் பூசுனேன். எடது கால விட்டுட்டேன்."

ஸ்டாண்டில் ஹார்ன் சத்தம், பஸ் சத்தம். அதற்கு நடுவே போனைக் காதில் அழுத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன்.

"ஆனா வலது காலு பூரா மஞ்சளா இருக்குண்ணே. சோப்புப் போட்டேன், இடிஞ்ச வீட்டுச் சாம்பல் போட்டேன், பெட்ரோல்கூடப் போட்டேன். போகல. ஒரு காலு கறுப்பு, ஒரு காலு மஞ்சள்னு பாத்தா ஒரு காலத்தான் பாதுகாத்தேன்னு தெரிஞ்சிரும். அவகிட்ட மஞ்சக்கறைக்கு என்ன பண்ணணும்னு கேளுங்க. எதுக்குன்னு சொல்லாதீங்க."

போன் நின்றுவிட்டது. மஞ்சள் கறைக்கு என்ன போடலாம் என்று கேட்டதற்கு ஸ்டாண்டில் இருந்த ஒருவர் தேசிக்காய்ச் சாறு என்றார், இன்னொருவர் மண்ணெண்ணெய் என்றார். பக்கத்துக் கடைப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் மூளை வேலை செய்தால்தானே! மனைவியிடம் கேள் என்று அவன் சொன்னது மட்டும்தான் மண்டையில் நின்றது. மலையில் நிற்கிறவளுக்குப் போன் எடுபடாது. தலவாக்கலை தாண்டி, மூடுபனியில் லைட்டைப் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தபடி டயகமவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் கொழுந்து மலையில் மேல் நிரையில் நிற்பதாகச் சொன்னார்கள். சப்பாத்து வழுக்க வழுக்க ஏறினேன்.

தூரத்திலேயே என்னைக் கண்டுவிட்டாள். கூடையோடு அப்படியே நின்றாள். முகம் செத்துவிட்டது.

"உசுரோட இருக்கான்மா, இருக்கான்" என்று கீழே இருந்தே கத்தினேன். கிட்டே போய், மூச்சு வாங்க, "மஞ்சக்கறை எப்புடிப் போகும்?" என்று கேட்டேன்.

நல்ல கேள்வி! அவ்வளவு தூரம் வந்து, அந்த மலையேறி, மூச்சிரைக்கக் கேட்கிற கேள்வியா அது? அவளா ஏமாறுவாள்?

"யாரு மேல கறை?"

நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"எந்தக் காலு?"

"வலது."

அவள் கைக்குள் இருந்த கொழுந்தைக் கூடைக்குள் போடவும் மறந்து பிடித்தபடியே நின்றாள். கண் கலங்கவில்லை. வலது, இடது என்று எதையோ கணக்குப் போடுவதுபோல் இருந்தது. பிறகு கூடையை இறக்கி வைத்தாள்.

"வெயில்லதான் போகும் மாமா. சோப்புப் போட்டு ஈரத்தோட வெயில்ல காட்டணும். காயக் காய நனைக்கணும்."

"வெயில்னா வெளிய வரணுமே. மேல ட்ரோன்..."

"தெரியுது" என்றாள். "வேற வழி இல்ல."

மடுவத்துக்கு இறங்கினோம். அங்கே நிறுவைக்குப் பெண்கள் நின்றார்கள். அவள் போனை வாங்கி, ஏதோ வேட்டியில் பட்ட கறையைப் பற்றிச் சொல்கிறவள்போல, நிதானமாகச் சொல்லி அனுப்பினாள். கடைசியில் மட்டும், "பாத்துக் காட்டுங்க" என்றாள். சொல்லிவிட்டு மலைக்குத் திரும்ப ஏறிப் போனாள்.

அன்று சாயங்காலம் அவனிடமிருந்து இரண்டு சொல் வந்தது. "வெயில் இருக்கு." அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் அவளைச் சந்திக்கப் போகவில்லை, அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. வெயிலைக் கண்டால் பயமாக இருந்தது. கொட்டகலையில் அபூர்வமாக வெயில் அடிக்கும்போது எல்லாரும் துணி காயப்போட ஓடுவார்கள், நான் ஆட்டோவின் படுதாவை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வேன்.

என்ன நடந்தது என்று ஆஸ்பத்திரியில் இருந்து அவன் அழைத்த பிறகுதான் தெரிந்தது. நிலவறை வாசலில் விழுந்த வெயிலில் வலது காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மேலே சத்தம் கேட்டால் இழுத்துக்கொள்வான். போனதும் நீட்டுவான். ஒருமுறை இழுக்கப் பிந்திவிட்டது. ட்ரோன் போட்ட குண்டு பக்கத்துச் சுவரில் விழுந்து வெடித்து, மண் முழுக்க அவன் மேலே கொட்டியது. காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மண்ணைக் கழுவி, மறுபடியும் நீட்டியிருக்கிறான்.

"பைத்தியமாடா உனக்கு?" என்றேன்.

"கறை போகணுமேண்ணே."

போனது, முழுதாக அல்ல. நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் நின்றது. டாக்டர் வயதான பெண். இடது காலில் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, வலது காலைக் கையில் எடுத்து விரல்களை விரித்துப் பார்த்தாராம். போனில் மொழிபெயர்ப்பை வைத்து, இது என்ன என்று கேட்டார். எங்கள் ஊர் மருந்து என்று இவன் சொல்லியிருக்கிறான். அப்படியானால் இந்தக் காலுக்கு ஏன் போடவில்லை என்று கேட்டார்.

"ஒரு காலுக்குத்தான் இருந்துச்சுன்னு சொன்னேண்ணே."

அந்த அம்மா நம்பினாரா இல்லையா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. காலைக் கீழே வைத்துவிட்டு, அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

இடது பாதத்தைப் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். குதிகால் மட்டும் மிச்சம். எங்கெங்கோ அலைக்கழித்து, இழுபட்டு, ஒரு வழியாக அவன் விமானத்தில் இருந்து இறங்கியபோது நான்தான் வேனோடு போயிருந்தேன். ஆள் பாதியாக இருந்தான். கட்டிப்பிடிக்க வேண்டும் என்று நினைத்துப் போனவன், "பல்லு விளக்குறியாடா ஒழுங்கா?" என்று கேட்டேன். எனக்கு அவ்வளவுதான் வந்தது.

லயத்துப் படியில் அவனை நானும் அவன் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். அவள் அவன் காலைப் பார்க்கவில்லை. முகத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் மீன் குழம்பு வைத்தாள், மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

அடுத்த முறை நான் போனபோது நல்ல வெளிச்சமான காலை நேரம். லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் போடும் சின்னப் பாத்தியில் அவன் குதிகால் மட்டும் மிஞ்சிய இடது காலுக்கு ஏதோ சுற்றிச் செருப்புக் கட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் தெளிச்சி வந்திருந்தது. எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்ததை அன்றுதான் கேட்டேன்.

"ஏண்டா, ரெண்டுல எந்தக் கால விடுறதுன்னு எப்புடிடா முடிவு பண்ணுன?"

அவனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நான் கேட்க மாட்டேனா என்று காத்திருந்தவன்போலச் சொன்னான்.

"நாள் கணக்கா யோசிச்சேண்ணே. கானுக்குள்ள வேற என்ன வேலை? ஊருக்குப் போனா தோட்டத்துல மண்ணக் கெளர்ற முள்ளுக்குத்து வேலை இருக்கு, அதுவும் இல்லாட்டி நம்ம பாத்தி இருக்கு. முள்ள மண்ணுல எறக்கணும்னா வலது காலாலதான மிதிப்போம். எடது காலு சும்மாதான நிக்குது. அதான் எடத விட்டேன். மண்டை வேலை செஞ்சுச்சா இல்லையா பாருங்க."

சொல்லிக்கொண்டே சுவரில் சாத்தியிருந்த, நீளப் பிடியும் இரும்புப் பற்களும் உள்ள முள்ளை எடுத்தான். நான் வேண்டாம் என்று சொல்லுமுன் ஈர மண்ணில் ஊன்றி, வலது காலைத் தூக்கி அதன் தோளில் வைத்து, பழைய பழக்கத்தில் ஓங்கி மிதித்தான்.

அப்படியே இடது பக்கமாகச் சாய்ந்து பாத்திக்குள் விழுந்தான். முள்ளும் அவன் மேல் விழுந்தது. நான் ஓடிப் போனேன். கையை நீட்டினேன், அவன் பிடிக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடி முள்ளைப் பார்த்தான், வலது காலைப் பார்த்தான், பிறகு இடது காலைப் பார்த்தான்.

"அண்ணே, வலத மிதிக்கத் தூக்குனா, ஆளு பூரா எடது கால்லதான நிக்கிறோம்" என்றான். "இத்தன வருசமா செஞ்ச வேலை. இது எனக்கு அங்க தோணவே இல்லையே."

சத்தம் கேட்டு அவன் மனைவி அடுப்படியில் இருந்து ஓடி வந்திருந்தாள். அவன் சொன்னதை அவளும் கேட்டாள். பாத்திக்குள் இறங்கி, அவனுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். நான் திட்டுவதற்கு யாராவது அகப்படுவார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. அழுதேன்.